நவராத்திரிக் கச்சேரிக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலைப் பக்கத்திலிருந்து நவராத்திரிக் கச்சேரி கேட்கக் கிளம்புகிறவர்கள் அதைச் சபா கச்சேரி என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் பாடுவது சரஸ்வதி பூஜையின் ஒரு பகுதி. மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 வரை நடக்கும். கைதட்டல் கிடையாது. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பேசாமல் கேட்க வேண்டும். செல்போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பேன்ட், சட்டையோடு போய் வாசலில் நிற்பது அடுத்தது. ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டி, மேல்துண்டோடு போக வேண்டும். பெண்களுக்குச் சேலையே பாதுகாப்பு. உடுப்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

பாடுகிறவர் பெயரை மட்டும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகள் ஒன்பதுக்கும் நாள் குறித்தாயிற்று. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்பது வரிசை. யார் பாடினாலும் அன்றைய முக்கிய உருப்படி அந்த ராகத்தில்தான். தோடி கேட்க ஆசையென்றால் நான்காம் நாள். ராக ஆலாபனைக்குப் பின் தாளக்கட்டில்லாமல் பாடும் தானத்துக்கு மிருதங்கமும் சேர்ந்து வாசிப்பது இங்குள்ள வழக்கம். வேறு மேடைகளில் அபூர்வமாகவே கேட்கக் கிடைக்கும். அதற்காகவே ஒருமுறை போகலாம்.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தானே என்று மூன்றரை மணிக்கு பஸ் ஏறினால் மார்த்தாண்டத்திலும் பாலராமபுரத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். ரயிலே நல்லது. நாலரைக்குள் ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கினால் உடை மாற்றிக்கொண்டு மண்டபம் இருக்கும் கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 8.30க்குப் பிறகு ஊர் திரும்ப எந்த வண்டி இருக்கிறது என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு. கச்சேரிக்குப் போகிற வழியில் பத்மநாபபுரத்தில் சரஸ்வதியைத் தொழுதுவிட்டுப் போகலாம் என்று இறங்குகிறார்கள். அந்த ஒன்பது நாளும் அம்மன் அங்கே இருக்க மாட்டாள். வேளிமலை குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைவர ஊர்வலமாகக் கிளம்பி, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, நவராத்திரி தொடங்குவதற்கு முன்பே திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்திருப்பாள். ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் அது கிளம்பும் நாளிலேயே பத்மநாபபுரம் வாருங்கள். பயணத்தை அதையொட்டித் தொடங்குவதுதான் முறையானது. பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வேறொரு நாள் வையுங்கள். அதற்கும் திருவனந்தபுரத்துக் குதிரைமாளிகை அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

இந்தப் பயணத்தில் சுசீந்திரத்தையும் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: அங்குள்ள தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை நாணயத்தாலும் சாவியாலும் தட்டிப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்கள் அவை. தட்டத் தட்டக் கல் தேய்கிறது. தேய்ந்தால் சுரமும் மாறும். நின்று, செதுக்கிய நேர்த்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.