சூடே தெரியாத டிரான்சிஸ்டர், சூடாகியே தீரும் டிரான்சிஸ்டர்

ஈஎஸ்பி 32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் அவுட்புட் பின்னில் (காலில்) வருவது 3.3 வோல்ட். 12 வோல்ட் ரிலேயை, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் (காயில்) காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, நேராக அதில் மாட்டினால் ரிலே அசையாது, போர்டின் அந்தப் பின் எரிந்தாலும் எரியும். நடுவில் பிசி 547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

முதலில் கணக்கு. சின்ன நீல நிற ரிலேக்களின் காயில் பெரும்பாலும் 400 ஓம், அதாவது 12 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். பிசி 547 தாங்குவது 100 மில்லி ஆம்பியர், ஆகவே கவலை இல்லை. டிரான்சிஸ்டரைத் திறக்கும் காலான பேஸுக்கு எவ்வளவு கரண்ட் விட வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டேட்டாஷீட்டில் கெயின் (பேஸில் விடும் கரண்ட் எத்தனை மடங்காகும் என்ற எண்) 200, 300 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு 0.1 மில்லி ஆம்பியர் போதுமென்று பெரிய ரெசிஸ்டராகப் போட்டுவிடுவார்கள், டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து ரிலே இழுக்கவே திணறும். சுவிட்ச் வேலைக்குக் கெயின் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 3 மில்லி ஆம்பியர் வேண்டும். 3.3இல் பேஸ் எடுத்துக்கொள்ளும் 0.7 போக மீதி 2.6 வோல்ட், வகுத்தால் 870 ஓம் பக்கம் வரும், கடையில் கிடைக்கும் 820ஐப் போர்டின் பின்னுக்கும் பேஸுக்கும் நடுவில் போடுங்கள். இப்போது ரிலேயின் கரண்ட் பாயும் மற்ற இரு கால்களான கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையில் 0.2 வோல்ட் நின்றாலும் வீணாவது 6 மில்லிவாட்தான், தொட்டால் சூடே தெரியாது.

தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும்: இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் கிரவுண்டுக்கு, காயிலின் ஒரு முனை கலெக்டருக்கு, மறுமுனை 12 வோல்ட்டுக்கு. போர்டின் கிரவுண்டையும் 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என் 4007 டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) கட்டாயம், வெள்ளிக் கோடு 12 வோல்ட் பக்கம். முதல் தடவை நான் இதைப் போடவில்லை. பத்துப் பதினைந்து முறை டிக் டிக் என்று அழகாக வேலை செய்த ரிலே, அப்புறம் பேஸ் ஒயரைப் பிடுங்கினாலும் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. மல்டிமீட்டரை வைத்தால் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட். கரண்டை வெட்டும் நொடியில் காயில் கிளப்பும் வோல்டேஜ் பிசி 547இன் 45 வோல்ட் வரம்பைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

3 ஆம்பியர் எல்இடி ஸ்ட்ரிப் என்றால் மாஸ்ஃபெட்டுக்குப் போங்கள்; இது கேட் என்ற காலில் கொடுக்கும் வோல்டேஜால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகை. ஆர்டுயினோ ஊனோ மாதிரி 5 வோல்ட் போர்டுக்கு ஐஆர்எல்இசட் 44என் சரியாக இருக்கும். எழுத்து மாறி ஐஆர்எஃப்இசட் 44என் வாங்கிவிடாதீர்கள், அது முழுதாகத் திறக்கக் கேட் காலில் 10 வோல்ட் வேண்டும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது சுவிட்ச் வேலை. வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர் இதற்கு நேர் எதிர். இங்கே டிரான்சிஸ்டர் வேண்டுமென்றே பாதி திறந்து நிற்கும், மிச்ச வோல்டேஜை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் வேண்டுமா? டிப் 31சி டிரான்சிஸ்டர் ஒன்று, 5.6 வோல்ட் 1 வாட் ஜீனர் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கும் டயோடு) ஒன்று. கலெக்டரில் 12 வோல்ட். பேஸில் ஜீனர், கோடு பேஸ் பக்கம், மறுமுனை கிரவுண்ட். 12 வோல்ட்டிலிருந்து பேஸுக்கு 220 ஓம், அரை வாட். அவுட்புட்டான எமிட்டரில் 0.7 குறைந்து 4.9 வோல்ட் வரும். ரெசிஸ்டர் வழியே வருவது 29 மில்லி ஆம்பியர், கெயின் 25 என்று வைத்தாலும் பேஸுக்கு 20 போக ஜீனருக்கு 9 மிஞ்சும்.

இப்போது சூடு: 7 வோல்ட் பெருக்கல் அரை ஆம்பியர், 3.5 வாட். 7805 என்ற ரெடிமேட் 5 வோல்ட் ரெகுலேட்டரை வாங்கிப் போட்டாலும் இதே சூடுதான். ஆனால் அதில் ஷார்ட் பாதுகாப்பு உள்ளேயே உண்டு, நம்முடையதில் கிடையாது, எனவே முன்னால் ஒரு ஃபியூஸ் போடுங்கள். ஹீட் சிங்க் இல்லாமல் இந்த லோடில் டிரான்சிஸ்டர் பிழைக்காது. மாட்டும்போது இன்னொன்று: டிப் 31சியின் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது, அதாவது 12 வோல்ட். மைக்கா தாளும் பிளாஸ்டிக் வாஷரும் வைக்காமல் கிரவுண்ட் செய்த இரும்புப் பெட்டியில் திருகினால் ஃபியூஸ் உடனே போகும்.