மாணவர் உதவிப்பணத்தில் ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் வழிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் இலங்கை அரசின் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவுதொகைக்கோ விண்ணப்பிக்கையில், அடையாள அட்டைப் பிரதி, குடும்ப வருமான விவரம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகிய மூன்றும் ஒரே கோவையில் சேர்கின்றன. அவர் பெயரில் மோசடி செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் தேவைப்படாது.

ஆகவே, ஆவணங்களைக் கடைக்காரரின் வாட்ஸப்புக்கு அனுப்பி அச்சிடுவதைத் தவிர்க்க வேண்டும். வேறு வழியில்லையெனில், அச்சிட்டதும் அக்கோப்பு அவருடைய தொலைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் தம் கண்முன்னே அழிக்கப்படுவதை உறுதிசெய்து, பழுதாகிய பிரதிகளையும் கையோடு எடுத்துவர வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கேயும் எந்தத் தேவைக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதினால், அதனை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினமாகும். அதிகாரி தவறாக நினைப்பாரோ என்று சிலர் தயங்குகிறார்கள். அது வீண் தயக்கம்.

பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுவதால் (பெண்களுக்கு 500 கூட்டப்படும்), அவ்வெண்ணையோ பிறந்த திகதியையோ கடவுச்சொல்லாக வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போன்றது.

புலமைப்பரிசில் வைப்பிலிட வேண்டும் என்று கூறி ஓ.டி.பி. எண்ணை (வங்கி தொலைபேசிக்கு அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்) கேட்பவர் எவராயினும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பிரிவில் நேரில் விசாரிக்க வேண்டும். நண்பரின் பணம் வந்துசேர உங்கள் கணக்கை இரவல் கொடுக்கவும் கூடாது. அடையாள அட்டை தொலைந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியை வைத்துக்கொண்டு, வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.