ஏரிச் சேறு அள்ளிப் பழகுவோம்: ஏற்காட்டில் ஓர் ஆழ்கடல் ஒத்திகை

சேலத்தில் கடல் இல்லை. ஆனால் ஆழ்கடல் தரையை ஆராயும் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ள ஏற்காடு ஏரியே போதும். மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 5,000 மீட்டர் ஆழத்துக்கு கருவி இறக்குபவரும் படகில் உட்கார்ந்து ஏரிக்குள் இறக்கும் மாணவரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: சேற்றின் மேல் இரண்டு சென்டிமீட்டர். உயிர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான், முதலில் கலைவதும் அதுதான்.

கருவி

15 × 15 செ.மீ. வாய் உள்ள எக்மேன் கிராப் போதும்; அடியில் மூடிக்கொள்ளும் இரு தாடைகளால் சேற்றை அள்ளும் பெட்டி அது. விலைக்கு வாங்க முடியாவிட்டால் 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் சேலத்துப் பட்டறைகளிலேயே செய்து வாங்கலாம். மேல்மூடிகள் தடையின்றித் திறக்கின்றனவா என்று ஒரு டிரம் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மூடி ஒட்டிக்கொண்டால் கிராப் தன் முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இறங்கும்; தரையைத் தொடுமுன்பே மேல்சேறு பறந்துவிடும். கயிறு 6 மி.மீ. பின்னல் நைலானாக இருக்கட்டும். முறுக்குக் கயிறு பாரம் பட்டதும் பிரிந்து கருவியைச் சுழற்றும். அரை மீட்டருக்கு ஒரு அடையாளம் கட்டுங்கள்.

இடமும் நேரமும்

முறையான அனுமதி வாங்கியபின், வரைபடத்தில் மூன்று பகுதிகளைப் பிரியுங்கள்: ஓடை வந்து சேரும் முனை, நடு ஏரி, படகுத்துறைப் பக்கம். பகுதிக்கு ஐந்து அள்ளல். புள்ளிகளைக் கரையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். படகில் ஏறியபின் தேர்ந்தெடுத்தால் கை தானாகவே வசதியான இடத்துக்குப் போகும்.

காற்றும் படகுச் சவாரியும் தொடங்குமுன் முடித்துவிடுவது நல்லது. படகின் இரு முனையிலும் நங்கூரம் போடுங்கள். படகு ஆடினால் கயிறு சாயும். கிராப் ஒருக்களித்து விழும். தாடைகளை மூடவைக்கக் கயிறு வழியே விடும் எடைக்குண்டும் பாதியிலேயே நின்றுவிடும்.

இறக்குதல்

ஆழத்தை முதலில் ஈயக்குண்டுக் கயிற்றால் அளந்துகொள்ளுங்கள். ஆனால் அதே புள்ளியில் வேண்டாம், இரண்டு மீட்டர் தள்ளி அளக்கவும். கிராப்பின் கடைசி ஒரு மீட்டருக்குப் பத்து வினாடி கொடுங்கள். கப்பலிலும் இதே கதைதான்: நிமிடத்துக்கு 60 மீட்டர் என்று வின்ச் (கயிறு இறக்கும் இயந்திரம்) ஓடினாலும் தரை நெருங்கும்போது வேகத்தை வெகுவாகக் குறைப்பார்கள். அந்த வேகத்தில் 5,000 மீட்டர் இறங்கவே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அவ்வளவு காத்திருந்து, கருவிக்குள் சேறு கலங்கி மேலே வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தால் பொறுமை தானாக வரும்.

மேலே வந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். சேற்றின் மேல் தெளிந்த தண்ணீர் நின்று, மேற்பரப்பு சமமாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். சேறு மூடிவரை முட்டியிருந்தால் கிராப் அதிகமாகப் புதைந்திருக்கிறது; எடையைக் குறையுங்கள். ஏற்காட்டில் அடிக்கடி வரும் தொல்லை வேறு: காபித் தோட்டங்களிலிருந்து ஓடை அடித்துவரும் சில்வர் ஓக் இலையும் சுள்ளியும் தாடைக்கு நடுவே சிக்கும். அரை அங்குல இடைவெளி போதும், தூக்கும்போதே பாதிச் சேறு கழுவிப் போய்விடும். அதைக் கொட்டிவிட்டு, இரண்டு மீட்டர் நகர்ந்து மீண்டும் இறக்குங்கள்.

சலித்தல்

ஏரிக்கு 0.5 மி.மீ. சல்லடை. ஆழ்கடலில் 0.3 மி.மீ., ஏனென்றால் உணவு அரிதான அந்தத் தரையில் உயிர்கள் மிகச் சிறியவை. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், புழுக்கள் துண்டாகிவிடும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சல்லடையை அரிசி களைவதுபோல் மெல்லச் சுழற்றுங்கள். ஏரித்தண்ணீரில்தான் கழுவ வேண்டுமென்றால் அதை முதலில் நுண்துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் மேலே நீந்தும் நீர்த்தெள்ளுகளும் அடித்தரைக் கணக்கில் ஏறிவிடும்.

பதப்படுத்த ஒரு பங்கு ஃபார்மலின், ஒன்பது பங்கு தண்ணீர், கொஞ்சம் போராக்ஸ். கையுறை போட்டு, திறந்த வெளியில் கலக்கவும். ரோஸ் பெங்கால் சாயம் ஒரு சிட்டிகை சேர்த்தால் உயிர்கள் இளஞ்சிவப்பாகிக் கண்ணுக்குப் படும். இரண்டு மூன்று நாளில் கழுவி 70% ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். டி.என்.ஏ. ஆய்வுக்கான மாதிரிக்கு ஃபார்மலின் ஆகாது. நேராக 95% ஆல்கஹால். சீட்டைப் பென்சிலில் எழுதி ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

எண்ணுதல்

வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எண்ணுங்கள். கைரோனோமிட் கொசுக்களின் லார்வாவை உயிரோடு பார்த்தால் ரத்தச் சிவப்பு. ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கும். டியூபிஃபெக்ஸ் புழு உடையும், ஆகவே தலையை மட்டும் எண்ணுங்கள். வால் துண்டு எத்தனை கிடந்தாலும் கணக்கில் இல்லை. காலி நத்தை ஓடும் அப்படியே.

கிராப்பின் பரப்பு 225 சதுர செ.மீ., எனவே எண்ணிக்கையை 44.4-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான கணக்கு. 9 லார்வா என்றால் 400.

ஏரியில் ஒரே வகை கும்பலாகக் கிடைக்கும். ஆழ்கடல் சமவெளியில் நேர்மாறு: உயிர்கள் சொற்பம், அவற்றில் பல ஒரு முறைக்கு மேல் அகப்படாத இனங்கள். அதனால் 0.25 சதுர மீட்டர் பெட்டிக் கருவியை இறக்கினாலும் ஒன்றிரண்டு முறை போதாது. அந்தத் தரையில் கிடக்கும் கனிம உருண்டைகளில் ஒட்டி வாழும் பஞ்சுயிரிகளை எண்ண கேமராவும் வேண்டும். இடைவெளி அளந்து வைத்த இரண்டு லேசர் புள்ளிகள் படத்துக்கு அளவுகோலாகும். கலங்கலான ஏரியில் அந்தப் பாடம் நடக்காது.

கொட்டிய அள்ளல்களுக்கும் பதிவேட்டில் இடம், ஆழம், காரணம் என்று ஒரு வரி வேண்டும். ஓடை முனையில் அடுத்தடுத்து நான்கு முறை இலை சிக்கியது என்றால், அங்கே தரை சேறல்ல, இலைப்படுகை.