முந்தைய ராத்திரியே இறக்கி வையுங்கள்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்கள், புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை முந்தைய ராத்திரியே வீட்டு வைஃபையில், அரசின் பாட வீடியோக்கள் இருக்கும் திக்‌ஷா செயலியால் ஸ்கேன் பண்ணி வீடியோவை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், அப்புறம் வகுப்பில் ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். இறக்கியது நெட் இல்லாமலே ஓடும். வடசென்னையில் ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் பழைய கட்டடத்தின் தடித்த சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே பெரிது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் வகுப்பு மீன் மார்க்கெட் ஆகிவிடும். டேட்டாவும் மிச்சம். பாதிப் பாடத்தில் "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று வாட்ஸ்அப் ப்ரொஜெக்டரில் எட்டிப் பார்க்காது (பட்டவர்களுக்குத் தெரியும்).

யூடியூபுக்கு இழுத்துப்போகும் க்யூஆர் கோடுகளுக்கு இது ஆகாது. போனிலிருந்து வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்புகிறவர்கள் ஏரோப்ளேன் மோடு போட்ட பிறகு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் பண்ண வேண்டும், இல்லையென்றால் கேபிள்தான்.