அங்க்லுங் குழுவோடு வெளிநாடு போகிறீர்களா? கருவியை முதலில் கூட்டத்திடம் கொடுங்கள்

இந்தோனேசிய மரபிசையை வெளிநாட்டில் அறிமுகப்படுத்தக் கிளம்பும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும், சட்டத்தில் கட்டிய மூங்கில் குழாய்களை ஆட்டி வாசிக்கும் அங்க்லுங்கைத்தான் எடுத்துப் போகிறார்கள். சரியான முடிவு. கமெலான் என்ற கோங்கு வாத்தியக் குழு என்றால் வெண்கலக் கோங்குகளை விமானத்தில் ஏற்றிக் கட்டுப்படியாகாது. அங்க்லுங் வெறும் மூங்கில், அதோடு ஒரு கருவிக்கு ஒரு சுரம்தான் என்பதால் முறையாக இசை படிக்காதவர்களும் சேர்ந்து வாசிக்கலாம்.

ஆனால் ஒரு மணி நேர நிகழ்ச்சி முழுக்க நீங்களே வாசித்தால் கூட்டம் கைதட்டிவிட்டுப் போய்விடும். பாதி நேரத்தை அவர்கள் கையில் விடுங்கள். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 1966-ல் தொடங்கிய சாவுங் அங்க்லுங் ஊஜோ என்ற அங்க்லுங் கலை மையத்தில் வருகிறவர்களை இப்படித்தான் வாசிக்க வைக்கிறார்கள்.

ஒவ்வொரு கருவியிலும் 1 முதல் 7 வரை எண், அப்புறம் மேல் ஸ்தாயிக்கு ஒரு 1, பெரிதாக ஒட்டுங்கள். ஒரே எண்ணைப் பலருக்குக் கொடுக்கலாம். இடது கையால் சட்டத்தின் மேல்பக்கத்தை இறுக்காமல் பிடித்து நேராகத் தொங்கவிட வேண்டும், வலது கையால் அடியில் கிடையாக உள்ள குழாயின் முனையைப் பிடித்து மணிக்கட்டால் இடவலமாக ஆட்ட வேண்டும். புதிதாகப் பிடிப்பவர்கள் முழுக் கையையும் வீசுவார்கள், அல்லது ஒரு முறை குலுக்கிவிட்டு நிறுத்துவார்கள், பாட்டு துண்டு துண்டாகக் கேட்கும். அடுத்தவருடைய சுரம் கிளம்பும்வரை உங்களுடையதை நிறுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள், இந்த ஒன்று பிடிபட்டாலே இசை ஓடத் தொடங்கிவிடும். எண்ணுக்கு ஒரு கைச்சைகை வைத்து, முதலில் ஏறுவரிசை இறங்குவரிசை, பிறகு அந்த ஊரில் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒரு சின்னப் பாட்டு.

அந்த ஊர்ப் பாட்டை வாசிக்க முடிவதற்குக் காரணம் டாயெங் சூத்திக்னா என்ற இந்தோனேசிய ஆசிரியர். 1938-ல் அவர்தான் அங்க்லுங்கை மேற்கத்திய ஏழு சுர வரிசைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் மேற்கு ஜாவாவின் சுந்தா மக்கள் நெல் தெய்வமான ஞி பொஹாச்சியை வேண்டி வாசித்தது ஐந்து சுர அங்க்லுங். இந்த ஏழு சுர வசதியால் பல குழுக்கள் வெளிநாட்டு சினிமாப் பாட்டு, பாப் பாட்டு மட்டுமே வாசித்துவிட்டு வருகின்றன, எனக்கு அது வருத்தம். சலேந்த்ரோ என்ற சுந்தா ஐந்து சுர சுருதியில் ஒரு செட்டும் கொண்டுபோய் பழைய சுந்தா இசை ஒன்றாவது வாசியுங்கள், எந்தக் காலத்தில் எதற்காக வாசித்தார்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு. 2010-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அங்க்லுங் சேர்ந்ததைச் சொல்வதைவிட இதுதான் மனதில் நிற்கும்.

பயண விஷயம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் மூங்கில் இருப்பதைச் சுங்கப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். பூச்சித் துளை உள்ள கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குளிர்நாடுகளில் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மூங்கில் காய்ந்து விரிசல் விடும். கட்டு தளர்ந்தால் இறுக்க, பிரம்பும் கயிறும் கையோடு இருக்கட்டும்.

முடிந்தால் ஒரு செட்டை அங்கேயே ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆனால் அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கைச்சைகைகளைக் கற்றுக்கொடுத்து, அவரையே ஒரு பாட்டை நடத்தவிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.