எப்போதாவது எடுக்கும் கார்: நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

வெளிநாட்டில் இருக்கும் மகனின் கார், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் கார், மெட்ரோவில் ஆபீஸ் போகத் தொடங்கிவிட்டவரின் கார். மாதம் இரண்டு தடவைகூட வெளியே வராத வண்டிகள் சென்னையில் எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் நிற்கின்றன. கவனிக்காமல் விடுவதுதான் இவற்றுக்குப் பெரிய கெடுதல் என்று நினைக்கிறோம். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை கீழே போய், ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆஃப் செய்துவிட்டு வருவது.

இது பேட்டரிக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. கணக்குப் பார்த்தால் சரியாக வராது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் நிறைய கரன்ட் எடுத்துக்கொள்கிறது. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் எஞ்சினில், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. அதிலும் ஏசியும் பாட்டும் போட்டால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

எஞ்சினுக்கும் இதில் நன்மை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகிவிட்டால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு ஏறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கி, சைலன்சர் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பாயும் பெட்ரோலில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலோடு கலக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் காராக இருந்தால் இன்னும் மோசம். அதில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர், நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

அதனால் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்ட முடியும் என்றால் ஒழுங்காக ஓட்டுங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை, அரைமணி நேரம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நேரத்தில் வேண்டாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓஎம்ஆரிலோ ஈசிஆரிலோ ஒரு இருபது கிலோமீட்டர் போய்வந்தால் போதும். எஞ்சின், பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் அதுவே வைத்தியம். வழியில் பத்து நிமிடம் ஏசியும் ஓடட்டும், கம்ப்ரெஸரின் சீல் காயாமல் இருக்கும்.

ஓட்ட ஆளே இல்லை, இரண்டு மூன்று மாதம் நிற்கத்தான் போகிறது என்றால், முறையாக நிறுத்திவிட்டு அதன்பின் ஸ்டார்ட் செய்யாமல் இருங்கள். முதல் வேலை பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுவது. பல கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பிளஸ்ஸை முதலில் கழற்றக் கூடாது, ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்ட வேண்டும். கழற்றாவிட்டால் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக், டேஷ்கேம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆஃப் செய்து சில மணி நேரம் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போய் அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளின் மேல் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. ஒருமுறை முழுக்க இறங்கிவிட்டால், ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டி வந்ததோடு விட்டுவிடாதீர்கள். பேட்டரி கடையில் கொடுத்து முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள்.

அடுத்தது ஹேண்ட்பிரேக். பல மாதம் நிற்கப் போகும் வண்டியில் அதை இழுத்துவைக்காதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, ஆட்டோமேட்டிக்காக இருந்தால் ‘பி’யில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

டயரில் நம்மை ஏமாற்றுவது பட்டன், அதாவது ரோட்டில் படும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் மேடுகள். கிலோமீட்டர் ஓடவில்லை, பட்டன் அப்படியே இருக்கிறது, டயர் புதுசு மாதிரி என்று நினைப்போம். ரப்பருக்கு வயதாவது ஓட்டத்தால் மட்டும் அல்ல. பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரைக் குனிந்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பைபாஸில் வேகம் எடுக்க அதை நம்பாதீர்கள். ஸ்டெப்னிக்கும் இதே வயதுதான். நிறுத்தும் முன் சரியான அளவுக்குக் காற்று பிடித்து, மாதம் ஒரு முறை காரை ஒரு அடி தள்ளி நகர்த்தி வைத்தால் ஒரே இடம் தட்டையாகாது.

சர்வீஸிலும் இதே தப்புக் கணக்குதான் போடுகிறோம். பல கார்களின் கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். நாம் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பொதுவாக இரண்டு வருடத்தில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் அதுதான், வண்டி நின்றாலும் சரி. இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் உள்ள எத்தனாலுக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. நீண்ட நாள் நிறுத்தும் முன் டாங்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

எலியைப் பற்றி ஒன்று மட்டும்: காருக்குள் பிஸ்கட் பாக்கெட், முறுக்குத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையும் பஞ்சுத் துணுக்கும் தெரிந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். கடிபட்ட வயரை மாற்றுவது பெரிய செலவு. கவர் போடுவதாக இருந்தால் காற்றுப் போகும் துணிக் கவர்தான் நல்லது. ஈரக் காரின் மேல் பிளாஸ்டிக் கவர் போட்டால், பெசன்ட் நகர் பக்கம் உப்புக் காற்றில் துரு சீக்கிரம் வரும்.

‘ஓட்டவே இல்லையே, எதற்கு இன்சூரன்ஸ்’ என்று விடுவது எனக்குப் புரியாத சிக்கனம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் மரம் விழுந்து நசுங்கியவை நின்றிருந்த கார்கள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கியவையும் அப்படித்தான். அடுத்த வருடம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது இந்த அனுபவத்தால்தான். இப்படிப்பட்ட சேதத்துக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், கிளெய்ம் இல்லாமல் வருடக்கணக்கில் சேர்த்த போனஸ் தள்ளுபடியும் போய்விடும்; அது 50 சதவீதம் வரைகூட இருக்கலாம். பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறிய காரை மட்டும் ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருகாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் ராட் அங்கேயே வளைந்துவிடலாம். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

பல மாதம் கழித்து எடுக்கிறீர்கள் என்றால், முதலில் வண்டிக்கு அடியில் ஆயில் கறை இருக்கிறதா பாருங்கள். பானெட்டைத் திறந்து ஆயிலும் கூலன்ட்டும் அளவில் இருக்கிறதா பார்த்து, மைனஸை மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்து, கேட்டுக்குள்ளேயே மெதுவாக நகர்த்தி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்துப் பாருங்கள். முதலில் கரகர என்று சத்தம் வரும், டிஸ்க்கில் படிந்த மேல்துரு அது, சில மிதியில் போய்விடும். சத்தம் நிற்கவில்லை, அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். எல்லாம் சரி என்றால் மெதுவாக ஓட்டி, நேரே பங்க்குக்குப் போய் நாலு டயரோடு ஸ்டெப்னிக்கும் காற்று பிடித்துக்கொள்ளுங்கள்.