கும்மிக்குப் பாட்டெடுக்கிறவர்கள் புதியவர்களை வட்டத்துக்குள் அழைத்துக்கொள்வது எப்படி

கடலூரில் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. அன்று மணலில் எங்கள் தெருப் பெண்கள் கும்மிக்குக் கூடினால், ஆடுகிறவர்களைவிடச் சுற்றி நின்று பார்க்கிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பல பேருக்கு ஆட ஆசை இருக்கும், கால் வராது. மஞ்சக்குப்பத்தில் பல வருஷமாகக் கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் பாட்டெடுத்து வருகிறேன். பாட்டெடுக்கிறவளுக்குக் குரலைவிடக் கண் முக்கியம் என்பேன். வெளியே நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் எந்தப் பாட்டு, எத்தனை தட்டு என்று முடிவு செய்ய வேண்டும்.

முதல் பாட்டுக்கு இரண்டு தட்டு போதும். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. நீங்கள் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடட்டும். அப்போது பாட்டே தெரியாதவரும் கூடப் பாடிவிடலாம். பாட்டு தொடங்கும் முன் ஒருமுறை வெறுமனே நடந்து காட்டுங்கள். பழகினவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் கும்பலாக நிற்பார்கள். பிரித்து விடுங்கள். இரண்டு பழகினவர்களுக்கு நடுவே ஒரு புதியவர் நின்றால் பக்கத்துக் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்.

‘திரும்பு’ என்று எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. திரும்புகிற தட்டிலேயே சொன்னால் பழகினவர் திரும்பிவிடுவார், புதியவர் அவர்மேல் மோதிக்கொண்டு கூசிப்போவார். பின்பாட்டின் கடைசிச் சொல் முடியும்போதே சொல்லிவிடுங்கள். நாலைந்து சுற்று போனதும் சொல்வதைக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கான்ட்ரா என்றொரு கூட்டு நடனம் உண்டு. அங்கே இருக்கும் என் அக்கா மகள் அதற்குப் போகிறாள். அதை நடத்துகிறவரும் இசை இல்லாமல் முதலில் நடக்கவிட்டு, இசை வந்ததும் அசைவுக்குச் சற்று முன்னாலேயே சொல்லி, கூட்டம் பிடித்துக்கொண்டதும் குரலை நிறுத்திக்கொள்வாராம். கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தப்பாகத் தட்டுகிறவரை மைக்கில் சுட்டிக்காட்டவே கூடாது. “பச்சைப் புடவை, கை மாறுது பாருங்க” என்ற ஒரு வார்த்தை போதும், அவர் அடுத்த வருஷம் வர மாட்டார். “எல்லாரும் ஒருதரம் வலது காலைப் பாருங்க” என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

இதை மட்டும் மெனக்கெட்டுச் செய்யுங்கள். கணவரை இழந்த பெண்கள் வட்டத்துக்குள் வரத் தயங்குவார்கள். யாராவது முகம் சுளிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. “எல்லாரும் வாங்க” என்று மைக்கில் கூப்பிட்டால், அந்த ‘எல்லாரும்’ தங்களைச் சேர்த்துத்தான் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள். கூட்டம் சேரும் முன்பே பக்கத்தில் போய் உட்காருங்கள். “பெரியம்மா, பின்பாட்டுக்கு எனக்குக் குரல் வேணும், என் பக்கத்துல நிக்கிறீங்களா?” என்று கேளுங்கள். பாட்டெடுக்கிறவளை ஒட்டி நிற்பவரை அவ்வளவு சுலபமாக யாரும் எதுவும் சொல்லிவிட மாட்டார்கள். காலனியிலிருந்து வருகிற பெண்களையும் இப்படித்தான் நேரில் கூப்பிட வேண்டும், தனி வட்டம் கட்ட விடக் கூடாது. திருநங்கை அக்காக்கள் வந்தால் எங்கே நிற்கப் பிரியம் என்று அவர்களையே கேளுங்கள். முட்டி வலிக்கிற ஆயாவுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு, தாளத்தை அவர் கையில் கொடுங்கள். அத்தனை பேரும் அவரைப் பார்த்துத் தட்டுவார்கள். வர மாட்டேன் என்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருதரம் கேட்டுவிட்டு, அடுத்த பாட்டின்போது அவர் பக்கம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பாட்டிலும் கவனம் வேண்டும். கறுப்பு நிறத்தையும், பிள்ளை இல்லாதவளையும் கேலி செய்கிற அடிகள் பழைய பாட்டுகளில் வரும். விட்டுவிடுங்கள். 1908 முதல் 1918 வரை பக்கத்துப் புதுச்சேரியில் இருந்த பாரதியார் பெண் விடுதலையையே கும்மியாகப் பாடியவர். புது அடி கட்ட நமக்கு என்ன தயக்கம்?

கோலாட்டத்துக்கு ஆள் இரட்டைப்படையில் வேண்டும். ஒற்றை விழுந்தால் நீங்கள் உள்ளே போய் ஜோடியாகுங்கள், வந்தவரை வெளியே நிறுத்தாதீர்கள். உள்வட்டம், வெளிவட்டம் என்று எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் வெளிவட்டம் ஓர் ஆள் நகர்ந்தால், அத்தை மகளோடு மட்டுமே ஆடுவேன் என்று வந்தவளும் முன்பின் தெரியாதவர்களோடு கோல் தட்டிவிட்டுத்தான் போவாள். பிள்ளைகளுக்குக் குட்டைக் கோல் தனியாக வையுங்கள்.

பின்னல் கோலாட்டத்தை முதல் நாளே எடுக்க வேண்டாம். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆடிப் பின்னி, பிறகு எதிர்த்திசையில் ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருவர் வழி தவறினாலும் மொத்தமும் சிக்கிக்கொள்ளும், பழி அவர்மேல் விழும். சில மாலைகள் சேர்ந்து ஆடிப் பழகியபின், கயிறில்லாமல் வழியை நடந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்படியும் சிக்கினால் பாட்டை நிறுத்தி, எல்லாருமாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டு முதல் அடியிலிருந்து பாடுங்கள்.